உலக்கைத் தலையின் தவிடு

காவேரிப்பட்டணத்து ரைஸ் மில்லில்
அரிசியின் நிறம் பிரிக்கும் மெஷினைப் பொருத்த
சீனாவிலிருந்து வந்தவர் பெயர் காவோ.
கறுத்த மணி ஒன்று சரிவில் இறங்கினால்
'ச்சு' என்று ஒரு காற்று
அதை மட்டும் தள்ளிவிடும்.
நாள் முழுக்க ச்சு, ச்சு.
யாருக்காகவோ யாரோ உச்சுக்கொட்டுவதுபோல.

முதலாளி மூன்றாம் வாய்ச் சோற்றில்
டிபன் கேரியரை மூடிவிடுவதை
அவர்தான் கேட்டார்.
நாங்களும் பார்த்திருந்தோம்.
சம்பளம் வாங்குகிறவர்கள்
சிலதைப் பார்ப்பதோடு சரி.

காவோ போனை வாயருகே வைத்து ஏதோ சொன்னார்.
போனுக்குள் இருந்த பெண் தமிழில் சொன்னாள்:
"தொண்டை மூடிய மனிதனுக்கு
உலக்கைத் தலையின் தவிடு.
தேன். பட்டாணி அளவு. பழைய மருந்து."
கொஞ்சம் பொறுத்து அவளே:
"பெரிய மருத்துவமனைக்கும் செல்க."

தர்மபுரியில் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று.
டாக்டர் சீட்டின் பின்பக்கம்
இரண்டு கோடு கிழித்துக் காட்டினார்.
நடுவில் ஓர் எலிவால் போகும் இடம்.
திங்கட்கிழமை வரச் சொன்னார்.

முதலாளி பெயர் ரேஷன் கார்டில் திம்மராயன்.
வீட்டில் தவுட்டான்.
முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று
பிறந்த அன்றே பக்கத்து வீட்டில் கொடுத்து
ஒரு முறம் தவிடு அளந்து
திரும்ப வாங்கிய பிள்ளை.
எமன் ஏட்டைப் புரட்டினால்
அந்த வீட்டுக்குப் பிள்ளையே கிடையாது.
"ஒருதரம் அந்த விலைக்கு வந்துட்டேன்.
இப்ப ஏறியிருக்குமோ?" என்றார்.
மரக்காலில் நெல் உரசுகிற குரல்.

ஷெட்டில் எண்பது மூட்டை தவிடு நின்றது.
எண்ணெய் ஆலை லாரி ஒருநாள் தவறினால் போதும்,
காறல் நம் தொண்டையைப் பிடிக்கும்.
ஆனால் அது எமரிக் கல் சுற்றிச் சுற்றிச் சீவியது.
உலக்கை வேறு, அது கீழே இறங்குவது.
இறங்கும் வழி அதன் தவிட்டுக்கும் தெரியும் என்பதை
காவோ கையால் குத்திக் குத்திக் காட்டினார்.
சரி, மில்லில் உலக்கை ஏது?

கல்யாண மண்டபத்தில் இருந்தது,
மஞ்சள் இடிக்கிற உலக்கை. உரலும் அங்கேயே.
மேனேஜர் நூற்றைம்பது வாடகை கேட்டார்.
கரண்ட் போன ராத்திரி
டேம் கால்வாய் நெல் இரண்டு படியை
நானும் மூட்டை தூக்குகிற பசப்பனும்
மாற்றி மாற்றிக் குத்தினோம்.
என்னுடையது கணக்கு எழுதுகிற கை,
இருபதாவது குத்தில் கொப்புளம்.
பூண் விளிம்பில் ஒட்டியதை
எடைச்சீட்டு அட்டையால் சுரண்டினால்
ஒரு சிட்டிகை.
அதிலும் எவர் கல்யாணத்து மஞ்சளோ.

தவிடு தின்னும் ராஜாவுக்கு
முறம் பிடிக்கும் மந்திரி என்பார்கள்.
நான் டார்ச் பிடித்தேன்.

நாக்கில் வைத்தார்.
தொண்டை மேடு ஏறி, நின்றது.
நின்றது.
இறங்கியது.
தண்ணீர் கேட்டார்.
அதில் பாதி திரும்பி வந்தது.
"தவிடு போயிருச்சு," என்றார்,
"தண்ணிதான் வழி தெரியாம நிக்குது."
பசப்பன் சிரித்தபடி வெளியே போனவன்
ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை.

தவிட்டுக் கணக்கில் இதை எப்படி எழுத என்றேன்.
"கடன்னு எழுது."

ஒரு மாதம் கழித்து
காவோவிடமிருந்து போனில் வந்தது:
"மனிதன் விழுங்குகிறானா?"
மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ச்சு. ச்சு.
நான் எழுதி, அழித்து, எழுதி அனுப்பினேன்:
"கஞ்சி. வடிகட்டியது. இரண்டு டம்ளர்.
உலக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.
வாடகைக்கு ரசீது தரவில்லை."